மேல்மலையில் குதிரையும் கோழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழனி மலையின் மேல்மலையில், அதாவது பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி ஆகிய ஊர்களைச் சுற்றி, ஓரிரு ஏக்கர் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு ஒன்றிரண்டு மட்டக்குதிரைகளையும் இருபது முப்பது கோழிகளையும் வளர்க்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களுக்கு நிலைமை மாறும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறோம்.

குதிரையையும் கோழியையும் ஒரே வளாகத்தில் வளர்ப்பது சரியா?

சரிதான். தலைமுறை தலைமுறையாக இங்கே அப்படித்தான் வளர்த்து வருகிறார்கள். நெடுங்காலம் சாலை எட்டாத வெள்ளகவி போன்ற ஊர்களில் அரிசி மூட்டை ஏறுவதும் காப்பிக்கொட்டை இறங்குவதும் குதிரை முதுகில்தான் நடந்தன; அந்தக் குதிரைகள் கட்டிய இடத்தைச் சுற்றிக் கோழிகளும் மேய்ந்தன. குதிரைச் சாணத்தைக் கோழி கிளறி ஈப்புழுவைப் பொறுக்கித் தின்பதால் ஈத்தொல்லை கண்கூடாகக் குறையும். ஆனால் பகலில் ஒன்றாக மேய்வது வேறு, இரவில் ஒரே கூரையின்கீழ் அடைவது வேறு. முதலாவதை அனுமதிக்கலாம்; இரண்டாவதைத் தவிர்க்க வேண்டும்.

இரவில் ஒரே கொட்டகையில் ஏன் அடைக்கக் கூடாது?

கோழி உயரமான இடத்தைத் தேடி அடையும் பறவை. லாயத்தின் குறுக்குச் சட்டத்தில் பத்துக் கோழிகள் உட்கார்ந்தால், விடியும்போது கீழேயுள்ள காடியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் எச்சம் விழுந்திருக்கும். கோழி எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். அது கலந்த புல்லைத் தின்னும் குதிரைக்குக் கடுமையான கழிச்சல் வரலாம். கோழிச் சிற்றுண்ணி பகலில் மர இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் வெளிவந்து இரத்தம் குடிப்பது. கோழி இல்லாத இரவில் அது குதிரையையும் கடிக்கும். காரணம் தெரியாமல் குதிரை இரவெல்லாம் உடம்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தால், விளக்கோடு போய்ச் சட்ட இடுக்குகளைப் பாருங்கள். கூண்டுக்கும் லாயத்துக்கும் இடையே பதினைந்து அடியாவது இருப்பது நல்லது. கோழிக்கூண்டை மேட்டுப் பக்கம் வைக்காதீர்கள். மழை நீர் எச்சத்தை லாயத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

கோழித்தீவனத்தைக் குதிரை தின்றுவிட்டால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். கடையில் வாங்கும் குஞ்சுத் தீவனத்திலும் கறிக்கோழித் தீவனத்திலும் இரத்தக் கழிச்சலைத் தடுப்பதற்காக மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பது வழக்கம். கோழி இவற்றை நன்றாகத் தாங்கும்; குதிரை தாங்காது. மொனென்சினை எடுத்துக்கொண்டால், கோழிக்கு உயிர்போகும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம். குதிரைக்கோ 2 முதல் 3 மில்லிகிராமே போதும். ஒரு டன் தீவனத்தில் இம்மருந்து ஏறத்தாழ 100 கிராம் கலக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஐந்தாறு கிலோ தீவனத்தைத் தின்றாலே உயிருக்கு ஆபத்து. அதைவிடக் குறைவாகத் தின்று பிழைத்த குதிரைக்கும் இதயத் தசை பழுதுபட்டு, பின்னாளில் ஏற்றத்தில் பொதி சுமக்கும்போது திடீரென்று விழுந்து இறக்க நேரலாம்.

தின்ற சில மணி நேரத்தில் குதிரை தீனியை மறுக்கும், வியர்க்கும், பின்கால்கள் தள்ளாடும், இதயம் வேகமாக அடிக்கும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. மருந்து கலக்காத தீவனமாகவே இருந்தாலும், பசித்த குதிரை ஒரே மூச்சில் தானியத்தை விழுங்கினால் வயிற்றுவலியும், குளம்பின் உட்சதை வீங்கி நடக்க முடியாமல் போகும் நோயும் வரும். ஆகவே தின்றது தெரிந்த உடனே, அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தீவனச் சாக்கின் மேலுள்ள அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு அதிலுள்ள மருந்தின் பெயரை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

தடுப்பதற்கு வழி எளிது. கோழித்தீவனம் மூடியைப் பூட்டக்கூடிய இரும்பு டிரம்மில், லாயத்திலிருந்து தனியான அறையில் இருக்க வேண்டும். கோழிக்குத் தீவனம் வைக்கும் இடம், குதிரையின் கழுத்து எட்டாதபடி தாழ்வான சிறு வாசலுக்கு உள்ளே அமைய வேண்டும். கோழிக்கும் குதிரைக்கும் ஒரே வாளியில் தீவனம் அள்ளும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

குதிரைக்கு ஒரு நாளைக்கு என்ன, எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஈரம் நீக்கிய கணக்கில், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது பொதுவான அளவு. 200 கிலோ மட்டக்குதிரைக்கு இது 4 கிலோ உலர்தீவனம். பச்சைப்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், பச்சையாகவே கொடுப்பதென்றால் 20 முதல் 25 கிலோ வரை வேண்டும். தண்ணீர் 15 லிட்டருக்குக் குறையக் கூடாது. குளிர் நாட்களில் குதிரை சில்லென்ற தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். சாணம் இறுகிக் குடல் அடைத்துக்கொள்வதும் அந்நாட்களில்தான் அதிகம். மார்கழி, தை மாதங்களில் காலைத் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து வைப்பது வீண் வேலை அல்ல.

மேல்மலையில் தானாகப் படர்ந்து கிடப்பது கிக்குயு புல். மாட்டுக்கு அது நல்ல தீனி. குதிரைக்கு அது மட்டுமே தீனியாகும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அந்தப் புல்லில் ஆக்சலேட் மிகுதி. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, புல் போதவில்லை என்று நாம் கொடுக்கும் கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதியாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் இருப்பதால், உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்குகிறது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் குதிரை இன்று ஒரு காலிலும் நாளை மற்றொரு காலிலும் நொண்டும்; தாடையும் கண்ணுக்குக் கீழுள்ள முக எலும்பும் இருபுறமும் புடைத்துக்கொள்ளும். கிக்குயு மேயும் குதிரைக்குத் தவிட்டை நாள்தோறும் அள்ளிக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதி என்பதே எங்கள் கருத்து. வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ வரும் உலர்ந்த சோளத்தட்டையையும் வைக்கோலையும் கலந்து கொடுங்கள். குதிரைமசால் கிடைத்தால் வாரத்தில் சில நாளாவது சேருங்கள், அதில் கால்சியம் மிகுதி. சுண்ணாம்புத்தூளும் டைகால்சியம் பாஸ்பேட்டும் எந்த அளவில் வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தீவனத்தில் கலந்துகொள்ளுங்கள்.

கொள்ளு வேலை செய்யும் குதிரைக்கு உரியது. ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்க வேண்டும். நாள் முழுவதும் சும்மா நிற்கும் குதிரைக்குக் கொள்ளும் தானியமும் அநேகமாகத் தேவையே இல்லை. உப்புக்கட்டி எப்போதும் தொங்கட்டும்.

தோட்டத்தில் மிஞ்சும் காய்கறியைக் கொடுக்கலாமா?

கேரட் கொடுக்கலாம். ஆனால் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டைக்குழாயில் சிக்கிக்கொள்ளும். முட்டைக்கோசும் காலிஃப்ளவர் தழையும் வாயுவைக் கிளப்பும். உருளைக்கிழங்கின் தழையும் பச்சை நிறம் ஏறிய கிழங்கும் நஞ்சு. பூம்பாறைப் பக்கம் பூண்டுத் தாளும் உதிர்ந்த பல்லும் குவிந்து கிடக்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மனிதருக்கு எவ்வளவு நல்லதானாலும், தொடர்ந்து தின்னும் குதிரையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வெங்காயத்துக்கும் இது பொருந்தும். மருந்தடித்த வயல் வரப்பில் மேய விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கீழ்மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது பட்டர் ஃப்ரூட் மரம். காப்பித் தோட்டத்தில் அதன் நிழலில் குதிரையைக் கட்டுவது பெரும்பாலோரின் வழக்கம். அந்த இலையும் காயும் குதிரைக்கு ஆகாது. தலையும் கழுத்தும் வீங்கும், வயிற்றுவலி வரும், குட்டியீன்ற குதிரைக்கு மடி வீங்கிப் பால் வற்றும். கோழிக்கும் அது நஞ்சே. வெட்டிப்போட்ட தோலைக் கூண்டுக்குள் வீச வேண்டாம்.

காட்டோரம் மேய விடும்போது எந்தச் செடிகளுக்கு அஞ்ச வேண்டும்?

முதலாவது, ஓடைக்கரையிலும் சாலைச் சரிவிலும் ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கும் யூபடோரியம். ஊதா படர்ந்த தண்டும், முக்கோண வடிவப் பல் இலையும், நுனியில் கொத்தாக வெள்ளைப் பூவும் கொண்டது. ஆடு தின்று நடமாடுவதைப் பார்த்துக் குதிரைக்கும் ஆகும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகாது. மாதக்கணக்கில் தின்ற குதிரையின் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும்; ஏற்றம் ஏறும்போது வரும் இருமல்தான் முதல் அறிகுறி. பழுதுபட்ட நுரையீரல் மீளாது. பூக்கும் பருவத்தில் இந்தச் செடி மிகவும் கொடியது. இரண்டாவது, பெரணி. நாள்பட்டுத் தின்றால் உடம்பிலுள்ள தயமின் என்ற பி வைட்டமினை அழித்துத் தள்ளாட்டம் வரவைக்கும். வேலியில் அழகுக்கு வைக்கும் ஊமத்தை இனங்களும் அரளியும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். மேய்ச்சல் வற்றும் மாசி, பங்குனியில் வேறு பச்சை இல்லாமல்தான் குதிரை இவற்றில் வாய் வைக்கும். அந்த மாதங்களுக்கான உலர்தீவனத்தைக் கார்த்திகைக்குள் வாங்கி வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பஜார் குப்பையில் மேய விடப்படும் குதிரைகளைக் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் காணலாம். பிளாஸ்டிக் பை குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைக்கு இங்கே வசதி குறைவு. அதைச் சுதந்திரமான மேய்ச்சல் என்று சொல்லிக்கொள்வதில் பொருள் இல்லை.

மேல்மலைக் குளிரைக் கோழியும் குதிரையும் தாங்குமா?

குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உறைபனி விழும் இரவில் மட்டக்குதிரை தன் தடித்த மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நின்றுவிடும், வளர்ந்த கோழி இறகை உப்பிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்துவிடும். ஆபத்து வடகிழக்குப் பருவமழையோடு வரும் வாரக்கணக்கான மஞ்சுமூட்டத்தில் இருக்கிறது. குளிருக்கு அஞ்சிக் கூண்டைச் சாக்காலும் தார்ப்பாயாலும் இண்டு இடுக்கு விடாமல் மூடிவிடுவதால், எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் உள்ளேயே தங்கிச் சளி நோயை வளர்க்கின்றன. கோழி உட்காரும் உயரத்தில் காற்று நேராக அடிக்காமல், கூரையை ஒட்டி இருபுறமும் ஒரு சாண் இடைவெளியைக் கம்பிவலை மட்டும் அடித்துத் திறந்தே விடுங்கள். காலையில் கூண்டுக் கதவைத் திறந்து குனிந்து பாருங்கள்; கண் எரிந்தால் கூளம் கெட்டுவிட்டது.

கூளத்துக்கு மரத்தூளைவிட இழைப்புச் சுருள் மேல், உமியும் நன்று. கைப்பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்து விரியுங்கள். கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி, உதிர்ந்தால் சரி. ஈரமான இடத்தை அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டு, சிறிது சுண்ணாம்புத்தூளைக் கலந்து கிளறிவிட வேண்டும். லாயத்துக்கும் இதே சட்டம்தான். தரை ஒரு பக்கம் சரிந்து மூத்திரம் வடிய வேண்டும்.

குஞ்சுகளை எப்படிக் காப்பாற்றுவது?

தாய்க்கோழி அடைகாத்து 21 நாளில் பொரித்த குஞ்சுகளைத் தாயிடமே விடுங்கள். பஞ்சாரத்தைக் கவிழ்த்து முதல் வாரம் வீட்டுக்குள் வைத்தால் போதும். வாங்கிவந்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சமவெளியில் மூன்று வாரத்தில் விளக்கை நிறுத்துகிறார்கள் என்றால் இங்கே ஐந்து ஆறு வாரம் ஆகும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நல்ல சாட்சி. விளக்கின்கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம். மின்தடை இங்கே வழக்கமானது என்பதால் கரி அடுப்பு மாற்றாக இருக்கட்டும். ஆனால் மூடிய அறையில் அடுப்புப் புகை ஆளையும் கொல்லும்.

நாட்டுக்கோழியில் சிறுவிடையே மேல்மலைக்கு ஏற்றது என்று நினைக்கிறோம். உடல் சிறியது, சுறுசுறுப்பானது, தானே அடைகாக்கும். முட்டைக்காக மட்டும் வளர்ப்பவர்கள் கிராமப்ரியா போன்ற இனங்களை நாடலாம். கழுத்து மொட்டைக் கோழி வெப்பத்துக்கு உரியது. அதைச் சமவெளிக்கு விட்டுவிடுவோம்.

எந்தத் தடுப்பூசிகள் தவறக் கூடாது?

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்த் தடுப்பூசி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தை ஒட்டி மறுமுறை, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் எடுத்துவர வேண்டும். வெயிலில் கிடந்த குப்பியால் பயனில்லை. குதிரைக்கு இரணஜன்னித் தடுப்பூசி மிக முக்கியம், ஏனெனில் அந்தக் கிருமி குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் வாழ்கிறது, குளம்பில் ஏறும் ஓர் ஆணியே அதற்கு வாசல். லாயத்தில் வேலை செய்பவர்களும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குதிரையை எங்கே வாங்குவது, வாங்கும்முன் எதைப் பார்ப்பது?

அந்தியூர் குருநாதசுவாமி கோவிலின் ஆடித் திருவிழாச் சந்தை பெயர்பெற்றது. ஆனால் சமவெளியில் வளர்ந்த பெரிய குதிரைக்கு மலைப்பாதை பழகச் சில மாதங்கள் ஆகும். மலையிலேயே பிறந்த மட்டக்குதிரை கிடைத்தால் அதுவே நல்லது. கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்தக் குதிரையையும் வீட்டுக்குள் விடாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும். 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்.

எவ்வளவு பொதி ஏற்றலாம்?

பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோவை உச்ச அளவாக வைக்கின்றன. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. ஒரு பக்கம் உரமூட்டை, மறுபக்கம் அதைவிட இலேசான மூட்டை என்று ஏற்றினால், 50 கிலோவிலும் முதுகு புண்ணாகிவிடும். சேணத்தை இறக்கியதும் உள்ளங்கையை முதுகில் வைத்துத் தடவுங்கள். மற்ற இடத்தைவிடச் சூடாகவோ, மயிர் எதிர்த்திசையில் கலைந்தோ இருக்கும் இடமே நாளைய புண்.

குளம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது?

நாள்தோறும் நான்கு காலையும் தூக்கிக் கொக்கியால் சேற்றையும் கல்லையும் எடுக்க வேண்டும். குளம்பின் நடுவே ரப்பர் போல அமுங்கும் முக்கோணப் பகுதியின் இருபுறப் பள்ளங்களில் கறுத்த கசிவும் அழுகல் நாற்றமும் இருந்தால் அது குளம்பு அழுகல். கழுவி, நன்றாக உலர்த்தி, மருத்துவர் சொல்லும் மருந்தை வையுங்கள். உலர்ந்த தரை இல்லாமல் எந்த மருந்தும் பலிக்காது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். தார்ச்சாலையில் நடக்காத குதிரைக்கு லாடம் அவசியமில்லை. லாடம் அடிப்பவர் மேல்மலைக்கு எப்போதாவதுதான் வருவார் என்பதால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் வரவழைப்பது வசதி.

குதிரைக்கு வயிற்றுவலி என்று எப்படித் தெரியும்?

திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், முன்காலால் தரையைப் பறிக்கும், படுத்து உருளும், மேல் உதட்டைச் சுருட்டும், சாணம் போடாது. நலமான குதிரைக்கு இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 வரையும், உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி வரையும் இருக்கும். துடிப்பு 60-ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. தீனியை எடுத்துவிட்டு மெல்ல நடத்திக்கொண்டே 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணை அழையுங்கள். எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் வயிற்றுவலியோடு நுரையீரல் அழற்சியும் சேரும்.

முட்டை திடீரென்று குறைவது ஏன்?

இறகு உதிர்க்கும் பருவம், அடைப்படுத்தல், குடற்புழு, கிளிஞ்சல் தூள் போதாமை ஆகியவை வழக்கமான காரணங்கள். நம் அட்சரேகையில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். ஆனால் மஞ்சு மூடிய நாட்களில் கூண்டுக்குள் வெளிச்சம் எட்டாது. விடிவதற்குமுன் இரண்டு மணி நேரம் ஒரு சிறு விளக்கு எரிந்தால் வித்தியாசம் தெரியும். வேறு காரணமே தெரியாவிட்டால், கோழி லாயத்தின் வைக்கோல் போரில் இட்டு வைத்திருக்கிறதா என்று தேடுங்கள்.

கீரி, மரநாய், சிறுத்தை?

கூண்டின் அடியில் ஓரடி ஆழத்துக்குக் கம்பிவலையைப் புதையுங்கள், பெரிய கண்ணுள்ள வலையை வாங்காதீர்கள், அந்தி சாயும்முன் அடைத்துவிடுங்கள். குட்டியோடு இருக்கும் குதிரையை இரவில் வெளியே கட்டக் கூடாது. காட்டுக்கோழி வந்து வீட்டுக்கோழியோடு மேய்ந்தால் விரட்டிவிடலாம். பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

சாணத்தையும் எச்சத்தையும் என்ன செய்வது?

இரண்டையும் சருகோடு மாற்றி மாற்றி அடுக்கிக் குவியலாக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மாதம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி என்பதால் பச்சையாகப் போட்டால் செடி கருகும். குதிரைச் சாணத்திலோ களை விதை முளைக்கும் நிலையிலேயே இருக்கும். குவியலின் நடுவே செருகிய இரும்புக் கம்பியை எடுத்துத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் விதையும் புழு முட்டையும் சாகும். இங்கே நான்கு ஐந்து மாதம் ஆகும். உருளை, கேரட் பாத்திக்கு இதைவிட நல்ல உரம் விலைக்குக் கிடைப்பதில்லை.

சில நாள் வெளியூர் போக நேர்ந்தால்?

கோழிகளை அண்டைவீட்டார் பார்த்துக்கொள்வார்கள். குதிரைக்குத்தான் பழகிய ஆள் வேண்டும். ஒவ்வொரு வேளைத் தீனியையும் தனித்தனிச் சாக்கில் எடைபோட்டு எழுதி வைத்துவிட்டுப் போங்கள், ஏனெனில் அன்பு மிகுதியால் கொள்ளை அள்ளிப் போட்டுவிடுபவர்களே அதிகம். மருத்துவரின் எண்ணைக் கதவில் ஒட்டுங்கள். கோழித்தீவன டிரம்மின் சாவியைக் குதிரையைப் பார்ப்பவரிடம் கொடுக்காமல் கோழியைப் பார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.